ரொறன்ரோவில் மச்சாளுக்குக் கிடைக்கிற மசாஜ் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் படிக்கும் மூன்றாம் வருட மாணவி. ஒரு மாதமாகப் பிடரியும் வலது தோளும் நோகிறது. லப்டொப்போடு ஒரு மணித்தியாலம் இருந்தால் பின்மண்டையில் தலையிடி தொடங்குகிறது. ரொறன்ரோவில் படிக்கும் மச்சாள் தன் பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்திலேயே மசாஜ் எடுக்கிறாள், அதற்குக் காப்புறுதியும் இருக்கிறது. அதுபோல ஒன்றை இங்கே எங்கே எடுக்கலாம், எடுத்தால் மாறுமா என்பது கேள்வி. அதற்குள் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இந்த நோ பயப்பட வேண்டிய நோவா? அதைத் தீர்க்காமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. இயன்மருத்துவம், அதாவது பிசியோதெரபி படித்து, கழுத்தும் நாரியும் பார்ப்பதே தொழிலாக உள்ளவன் என்ற முறையில் எழுதுகிறேன். எழுத்தை வாசித்து ஒருவருடைய கழுத்தைச் சோதிக்க முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சாளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் மசாஜ் தெரபி சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு தொழில். அதற்கென்று 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி, பதிவு எடுத்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டு வேலை செய்யலாம். மாகாண அரசின் பொதுக் காப்புறுதி இதற்குப் பணம் கட்டுவதில்லை. மாணவர்கள் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டும் மேலதிகக் காப்புறுதிதான் ஒரு எல்லை வரை திருப்பிக் கொடுக்கும். ஆக, "இலவசம்" என்று மச்சாள் சொன்னால் அது ஏற்கனவே கட்டின காசு. பெரும்பாலும் ஒரு மணித்தியாலச் சந்திப்பு. அதில் கை படுவது 45, 50 நிமிடம்தான். முதல் தடவை பத்து நிமிடத்துக்கு மேல் கேள்விகளிலேயே போய்விடும்: எப்போது தொடங்கியது, கை விறைக்கிறதா, காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து குடிக்கிறீர்கள், விழுந்தீர்களா, கர்ப்பமா, எங்கே தொட வேண்டாம். மச்சாளுக்கு இந்தப் பகுதி ஞாபகம் இருக்காது, எண்ணெயும் மெல்லிய பாட்டும்தான் ஞாபகம் இருக்கும். என் கணக்கில் அந்தச் சேவையில் விலை கூடின பகுதி இந்தப் பத்து நிமிடம்தான். அதை யாழ்ப்பாணத்திலும் பெறலாம்.

அந்தக் கேள்விகளை இப்போதே உங்களிடம் கேட்கிறேன். கை விரல்களில் விறைப்பு, மின்சாரம் பாய்வது போன்ற குத்தல், பேனையோ கோப்பையோ கை நழுவுவது, நடையில் தள்ளாட்டம், சலம் மலம் கட்டுப்பாட்டில் மாற்றம், இரவில் எப்படிப் படுத்தாலும் குறையாத நோ, காரணமில்லாமல் எடை குறைவது, மோட்டார் சைக்கிளிலோ படியிலோ விழுந்த பிறகு தொடங்கிய நோ: இவற்றில் ஒன்று இருந்தாலும் மசாஜ் வேண்டாம், டொக்டரிடம் போங்கள். திடீரென்று, வாழ்க்கையில் இதுவரை வராத மாதிரி ஒரு தலையிடி வந்தால், அல்லது கழுத்து நோவோடு முகம் கோணுதல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை வந்தால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல், எழுதும்போதும் திரையைப் பார்க்கும்போதும் கூடி, நடந்தால் குறைகிற நோ என்றால், அது தசைப்பிடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியது அந்த இரண்டாவது வகையைப் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் நேரில் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சில எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, காய்ச்சலோடு வரும் உடல் நோ. மாரிக்காலத்தில் இங்கே டெங்கு வரும். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் இங்கே பரவி உயிர்களை எடுத்தது எல்லோருக்கும் தெரியும். எலிக்காய்ச்சலின் அடையாளங்களில் ஒன்று கெண்டைக்கால் தொட முடியாத அளவுக்கு நோகுவது. வயலுக்குள்ளோ வெள்ளத்துக்குள்ளோ இறங்கி நாலைந்து நாளில் கால் நோகிறது என்றால் வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது எண்ணெய்ப் போத்தல். அங்கேதான் ஒரு நாள், இரண்டு நாள் வீணாகப் போகிறது. காய்ச்சலும் தசை நோவும் சேர்ந்து வந்தால் உருவவும் வேண்டாம், புக்கை கட்டவும் வேண்டாம், டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்ற குளிசைகளும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். பனடோலை அளவோடு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். இரண்டாவது, ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் நோகுவது. நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். உருவினால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். மூன்றாவது, உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள். இன்று இருபதுகளில் இருக்கிற சிலருக்கு, குழந்தையாக இருந்தபோது பட்டது இன்னும் உள்ளேயே இருக்கிறது. தோலுக்குக் கீழே உலோகம் இருக்கிற இடத்தில் ஆழமாக அழுத்தக் கூடாது. வெட்கப்படாமல் முதலிலேயே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுங்கள். சிலருக்கு முதுகுப்பக்கமிருந்து ஒருவர் கை வைத்தாலே உடம்பு விறைத்து மூச்சு வேகமாகும். அதைச் சொன்னால் போதும், நல்லவர் கதிரையில் இருத்தி, முன்னுக்கு நின்று வேலை செய்வார்.

இனி, மசாஜ் என்ன செய்கிறது? குறுகிய காலத்துக்கு நோவைக் குறைக்கிறது, தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, நித்திரைக்கும் பதற்றத்துக்கும் உதவுகிறது. இது ஓரளவு நிச்சயம். பெரும்பாலும் தோலிலும் தசையிலும் உள்ள நரம்புகள் வழியாக மூளை நோவை உணர்கிற விதம் மாறுவதால் இது நடக்கிறது என்பது இன்றைய விளக்கம். நச்சு வெளியேறுகிறது, லக்டிக் அமிலம் கரைகிறது என்று சொல்வதெல்லாம் விளம்பரம். உடற்பயிற்சியில் சேர்கிற லக்டிக் அமிலம் ஒரு மணித்தியாலத்துக்குள் தானாகவே போய்விடும். உங்கள் தோளில் ஒரு மாதமாக இருப்பது அது இல்லை. நீண்ட காலப் பலனைப் பொறுத்தவரை ஆய்வுகள் பலவீனமானவை. எடுப்பவருக்குத் தான் எடுப்பது மசாஜ் என்று தெரியாமல் பரிசோதனை நடத்த முடியாது, அந்தச் சிக்கல் எப்போதும் கூடவே வரும்.

எவ்வளவு நேரம், எத்தனை தரம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவில் நாட்பட்ட கழுத்து நோ உள்ள 228 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளியிட்டார்கள். 30 நிமிட மசாஜ் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் எடுத்தவர்களுக்கும் ஒன்றும் எடுக்காமல் காத்திருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 60 நிமிடம், கிழமைக்கு இரண்டு மூன்று தரம், நான்கு கிழமை எடுத்தவர்களுக்குத்தான் தெளிவான பலன். இதை நம் ஊர்ச் செலவில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம். பரீட்சைக்கு முதல் நாள் ஒரு தரம் போய் 20 நிமிடம் தோளைப் பிடித்துவிட்டு வருவது சுகமாக இருக்கும், மருந்தாகாது. அந்தக் காசை வீணென்று சொல்ல மாட்டேன், ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு மாதிரி நினைத்துக் கொடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வழிகள் என்ன? முதலில் உங்கள் பல்கலைக்கழகச் சுகாதார நிலைய மருத்துவர். அவரிடம் "மசாஜ் வேண்டும்" என்று தொடங்க வேண்டாம். "ஒரு மாதமாகப் பிடரி நோ, வலப்பக்கம், லப்டொப்பில் ஒரு மணித்தியாலம் இருந்தால் தலையிடி, கை விறைப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, இத்தனை நாள் பனடோல் போட்டேன், பிசியோதெரபிக்குக் கடிதம் தர முடியுமா" என்று கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபி இருக்கிறது. அங்கே நேரம் குறைவு, கூட்டம் கூட. மச்சாளுக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு மணித்தியாலம் கையால் உருவுவதை எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் கழுத்தை அசைத்துப் பார்த்து, நரம்பைச் சோதித்து, பயிற்சி சொல்லித் தருவார்கள். ஏமாற்றமாக இருக்கும், ஆனால் உங்களுக்குத் தேவையான பகுதி அதுதான். இலங்கையில் பிசியோதெரபிஸ்டுகள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். தனியாரிடம் போவதென்றால் பதிவு இலக்கத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

கையால் உருவும் சிகிச்சைதான் வேண்டும் என்றால் சித்த மருத்துவத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ தேடுவது எனக்கு விளங்காத விடயம். தொக்கணம் என்று அதற்கு ஒரு தனித்துறையே இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். மச்சாளின் மசாஜ்காரர் தடவுவதும், பிசைவதும், தட்டுவதும், குறுக்காகத் தேய்ப்பதும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். கைதடியில் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கற்கையும், சித்த போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. அங்கே போனாலும் மருத்துவர் முதலில் பார்த்துத்தான் எழுதுவார். சித்த மருத்துவர்களின் பதிவு 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வருகிறது. முறிவு நெரிவு வைத்தியர்களுக்கும் அந்தத் துறைக்கென்று தனிப் பதிவு உண்டு. பதிவுள்ள முறிவு நெரிவு வைத்தியரிடம் சுளுக்குக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விழுந்து அடிபட்ட கழுத்தை எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஒன்பது வகையில் முறுக்கலும் இழுத்தலும் கழுத்துக்கு வரும்போது செய்பவர் யார் என்பதே எல்லாம்.

சலூன் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்புப் பெடியன்கள் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். தலைமயிர் வெட்டி முடிய நெற்றியில் ஒரு கையும் நாடியில் ஒரு கையும் வைத்து, டக்கென்று திருப்பி நெட்டி முறிப்பார்கள். அந்தச் சத்தம் மூட்டுக்குள் உள்ள திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகும் சத்தம். எலும்பு "இடத்தில் உட்கார்ந்த" சத்தம் இல்லை. கழுத்து எலும்புகளின் துளைகளுக்குள்ளால்தான் மூளைக்குப் போகும் இரண்டு இரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, இளம் வயதிலேயே பக்கவாதம் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அரிது. ஆனால் தோள் பிடிப்புக்கு அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. தலையைத் தடவட்டும், தோளைப் பிசையட்டும், திருப்ப வந்தால் "வேண்டாம் அண்ணை" என்று கையைப் பிடியுங்கள்.

எங்கே எடுத்தாலும் சில விடயங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் முழு உடுப்பும் கழற்றத் தேவையில்லை. முதுகின் மேற்பகுதி திறந்தால் போதும், மற்ற இடம் போர்வையாலோ பெரிய துவாயாலோ மூடியிருக்க வேண்டும். பெண்ணுக்குப் பெண் கேட்கலாம், கிடைக்காவிட்டால் கூட ஒருவர் இருக்கக் கேட்கலாம். அதற்கு முகம் சுளிக்கிற இடத்தை விட்டு எழும்பி வரலாம். குப்புறப் படுக்கிற மேசையில் முகம் வைக்கத் துளை இல்லாவிட்டால் கழுத்தை ஒரு பக்கம் திருப்பியபடி அரை மணித்தியாலம் கிடக்க வேண்டிவரும், பிடரி நோவோடு போனவர் கூடின நோவோடு திரும்புவார். அப்படியான இடத்தில் பக்கவாட்டிலோ, கதிரையில் இருந்து முன்னால் தலையணையில் சாய்ந்தோ எடுப்பது நல்லது. எண்ணெய் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். நல்லெண்ணெய் என்றால் கிண்ணத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, செய்பவர் முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். தொண்டைக்குழியின் இரண்டு பக்கமும், நாடித்துடிப்பு தெரிகிற இடத்தில் அழுத்தவே கூடாது, மயக்கம் வரும். நோவைப் பத்துக்கு எவ்வளவு என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து, ஆறு "சுகமான நோ". அதற்கு மேல் போனால் தசை தன்னைக் காக்க இன்னும் இறுகும். பல்லைக் கடித்துப் பொறுத்தால் பலன் கூடும் என்பது நம்மில் ஊறிப்போன பிழை. மறுநாள் உடற்பயிற்சி செய்த மாதிரி ஒரு அலுப்பு நோ இருக்கலாம், இரண்டு நாளுக்குள் போய்விடும். நீலம் பாரித்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். தைலமோ பாமோ பூசின இடத்தில் சுடுதண்ணீர்ப் பை வைக்க வேண்டாம், தோல் பொசுங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சின்னச் சோதனை. இடது கையை வலது தோளுக்கு மேலால் பின்னுக்குக் கொண்டுபோய், தோள்பட்டை எலும்பின் உள்பக்க மேல் மூலையை நடுவிரலால் தேடுங்கள். அங்கே கயிறு மாதிரி ஒன்று உருளும், அழுத்தினால் நோ பிடரி வரை ஏறும். கழுத்தின் மேல் நான்கு எலும்புகளிலிருந்து இறங்கி அந்த மூலையில் கட்டியிருக்கிற தசை அது. விடுதிக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, மடியில் லப்டொப்பை வைத்து, கீழே பார்த்துக்கொண்டிருந்தால் அது முழு நேரமும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். தலையின் பாரம் நாலரை, ஐந்து கிலோ. குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம் என்று முகநூலில் சுற்றும் படம் ஒரு கணினி மாதிரிக் கணக்கு, மனிதரில் அளந்தது இல்லை. குனிவதையே குற்றவாளியாக்கவும் எனக்கு மனம் இல்லை. எந்த நிலையானாலும் அசையாமல் ஒரு மணித்தியாலம் இருப்பதுதான் சிக்கல்.

அந்தக் கயிற்றுக்கு ஒரு பழைய ரெனிஸ் பந்து போதும். பந்தைச் சுவருக்கும் அந்த மூலைக்கும் நடுவில் வைத்துச் சாய்ந்து, மெதுவாக மேலும் கீழும் உருட்டி, நோகிற புள்ளியில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நில்லுங்கள். நழுவினால் பந்தைக் காலுறைக்குள் போட்டு, நுனியைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். முதுகெலும்பின் மேலேயே வைக்க வேண்டாம். பிறகு கதிரையில் இருந்து, வலது கையால் கதிரையின் அடியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை இடது கக்கத்தை நோக்கிக் குனிந்து 30 விநாடி, மூன்று தரம். பின்மண்டைத் தலையிடிக்கு நாடியை உள்ளுக்கு இழுத்து, அதாவது இரட்டை நாடி விழுகிற மாதிரி, 5 விநாடி பிடித்து விடுங்கள், பத்துத் தரம். தலையை மேலே அண்ணாந்தால் அது வேறு பயிற்சியாகிவிடும், பார்வை நேராக இருக்க வேண்டும்.

இவை நோவைத் தளர்த்தும். திரும்ப வராமல் இருக்கத் தசைக்குப் பலம் வேண்டும். டென்மார்க்கில் அலுவலக வேலை செய்கிறவர்களை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்று 2011இல் வந்தது. இறப்பர் குழாயை இழுத்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு உயர்த்தும் ஒரே ஒரு பயிற்சி, நாளுக்கு இரண்டு நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், பத்துக் கிழமை. பன்னிரண்டு நிமிடம் செய்தவர்களைப் போலவே இரண்டு நிமிடக்காரர்களுக்கும் நோ நன்றாகக் குறைந்தது. இறப்பர் குழாய் தேடி அலையத் தேவையில்லை, இரண்டு அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் எடுங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க, கைகளை நேர் பக்கத்துக்குக் கொண்டுபோகாமல் சற்று முன்பக்கமாக, தோள் மட்டம் வரை மட்டும் உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் பாரம் கூட. இரண்டு நிமிடத்துக்குள் களைத்துவிட வேண்டும், களைக்காவிட்டால் ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு மாறுங்கள். முதல் கிழமை நோ கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அதில்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள்.

லப்டொப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்த நாலைந்து பாடப்புத்தகம் அடுக்கி, தனி விசைப்பலகை ஒன்று கொழுவுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்புங்கள், தண்ணீர்ப் போத்தலைச் சின்னதாக வைத்திருந்தால் நிரப்பவாவது எழும்ப வேண்டிவரும். கண்ணையும் ஒருமுறை சோதியுங்கள், எழுத்துத் தெரியாமல் கழுத்தை முன்னுக்கு நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பனடோல் போட்ட நாட்களை எண்ணுங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். ஆறு கிழமை இப்படிச் செய்தும் நோ அரைவாசியாவது குறையாவிட்டால், பந்தையும் போத்தலையும் வைத்துவிட்டுத் திரும்பவும் டொக்டரிடம் போங்கள். போகும்போது எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது நோ கூடியது என்று இரண்டு கிழமைக்குக் குறித்த தாள் ஒன்றையும் கொண்டுபோங்கள்.